அணுவைக் கண்டவர் யார்?

சில மாதங்களுக்கு முன்னர், விடுமுறையிற் சென்றிருந்த இரசாயன ஆசிரியருக்குப் பதிலாக உயர்தர வகுப்பொன்றில் நாற்பது நிமிடங்களைக் கழிக்கும் கடமை எனக்கு வாய்த்தது. தமிழாசிரியனாகிய எனக்கு அவ்வகுப்பிற் கற்பிக்க ஏதுமில்லை. முதல்நாட் பாடம் கரும்பலகையில் அழிக்கப்படாமல் இருந்தது. சோடியம் அயன்களும் குளோரைட்டு அயன்களும் மாறி மாறி நிற்கும் கறியுப்புப் பளிங்கின் படம் அது. பின்வரிசை மாணவி ஒருத்தி எழுந்து, "சேர், இதை ஆர் பாத்தது?" என்று கேட்டாள். வகுப்புச் சிரித்தது. விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள் என்று பொதுவாக ஒரு விடை கூறிச் சமாளித்தேன். அவ்விடை அவளுக்குப் போதவில்லை என்பது முகத்திலே தெரிந்தது. எனக்கும் போதவில்லை.

அவளுடைய கேள்வி இரசாயனத்துக்கு உரியதாயினும் வரலாற்றுக்கும் உரியது. நமது பாடநூல்கள் முடிவுகளை மட்டும் தருகின்றன. அம்முடிவுகளுக்குப் பின்னால் நின்ற மனிதர்களையும், அவர்கள் உழைத்த அறைகளையும், அக்கருவிகளுக்குப் பணம் வந்த வழியையும் அவை சொல்வதில்லை. இதனால் விஞ்ஞானம் வானத்திலிருந்து இறங்கிய வேதவாக்குப் போல மாணவர் மனத்திற் பதிகின்றது. அன்று நான் கொடுத்திருக்க வேண்டிய விடையை இங்கே எழுத முயல்கின்றேன்.

கண்ணுக்குப் புலனாகும் ஒளியின் அலைநீளம் அணுவின் பருமனைவிடச் சில ஆயிரம் மடங்கு பெரிது. ஆதலின் எத்துணைச் சிறந்த நுணுக்குக்காட்டியாலும் அவ்வொளியைக் கொண்டு அணுவைக் காண இயலாது. 1895 நவம்பர் 8ஆந் திகதி ஜேர்மனியின் வூர்ஸ்பேர்க் பல்கலைக்கழகத்திலே வில்ஹெல்ம் ரொண்ட்கன் புதியதொரு கதிரைக் கண்டார். அதன் இயல்பு விளங்காமையினால் 'எக்ஸ்' என்று அதற்குப் பெயரிட்டார். பெருஞ் செல்வம் ஈட்டியிருக்கக்கூடிய அக்கண்டுபிடிப்புக்கு அவர் ஆக்கவுரிமை பெற மறுத்துவிட்டார். மருத்துவ உலகம் அக்கதிரை உடனே பற்றிக்கொண்டது. ஆனால் அது அலையா, துகளா என்ற விவாதம் பதினேழு ஆண்டுகள் நீடித்தது.

1912இல் மியூனிச் நகரில் மக்ஸ் வொன் லௌவே என்பவர் ஒரு கருத்தை முன்வைத்தார். பளிங்கினுள்ளே அணுக்கள் ஒழுங்கான அடுக்குகளாக அமைந்திருப்பின், எக்ஸ்-கதிர் மிகக் குறுகிய அலையாக இருப்பின், பளிங்கினூடு செல்லும் கதிர் சிதறி ஒரு கோலத்தைத் தோற்றுவிக்க வேண்டும் என்பதே அக்கருத்து. அதனைச் செய்து பார்த்தவர்கள் வால்டர் பிரீட்ரிக், போல் நிப்பிங் என்னும் இரு இளைஞர். செப்புச் சல்பேற்றுப் பளிங்கொன்றைக் கதிரின் வழியில் வைத்து, அப்பால் வைத்த படத்தகட்டிலே புள்ளிகளைப் பெற்றவர்கள் அவர்களே. 1914ஆம் ஆண்டுக்குரிய பௌதிக நொபெல் பரிசு லௌவே ஒருவருக்கே வழங்கப்பட்டது. கருத்தைச் சொன்னவருக்குப் புகழ், கைகளால் அதனை மெய்ப்பித்தவருக்கு அடிக்குறிப்பு என்ற வழமை இத்துறையின் முதல் நாளிலேயே தொடங்கிவிட்டது எனலாம்.

அப்புள்ளிகளைப் படிக்கும் இலக்கணத்தை வகுத்தவர்கள் இங்கிலாந்தில் வாழ்ந்த தந்தையும் மகனுமாகிய வில்லியம் ஹென்றி பிராக், வில்லியம் லோரன்ஸ் பிராக் ஆகிய இருவரும். 1915இல் இருவருக்கும் சேர்த்து நொபெல் பரிசு கிடைத்தபோது மகனுக்கு வயது 25.

இம்முறையின் தன்மையை இவ்விடத்து விளக்குவது அவசியம். நுணுக்குக்காட்டியிலே சிதறிய ஒளியை மீண்டும் ஒன்றுசேர்த்து உருவம் ஆக்குவது வில்லை. அணுக்களின் உருவத்தை அவ்வாறு ஆக்கித்தர எக்ஸ்-கதிருக்கு ஏற்ற வில்லை இருக்கவில்லை. ஆதலால் வில்லையின் வேலையை மனிதன் கணக்கினாற் செய்ய வேண்டியிருந்தது. அதிலும் ஒரு பெருந் தடை உண்டு. ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு கருமையானது என்பதைப் படத்தகடு காட்டும். அங்கு வந்து சேர்ந்த அலை எந்தக் கட்டத்தில் இருந்தது என்பதைக் காட்டாது. தேவையான செய்தியின் பாதி தொலைந்துவிடுகின்றது. கோலத்தின் புள்ளிகளை மட்டும் வைத்துக்கொண்டு, இழையை ஊகத்தினாலும் கணக்கினாலும் மீட்டெடுப்பது போன்ற வேலை இது. கருவி தருவது புள்ளிகளை மட்டுமே. பார்ப்பது மனித மூளையும் பல மாதங்களின் உழைப்புமாகும்.

புதிய முறை தந்த முதல் விடைகளுள் ஒன்று, என் மாணவி சுட்டிக்காட்டிய கறியுப்பின் படமேயாகும். உப்பினுள்ளே ஒரு சோடியமும் ஒரு குளோரினும் கைகோத்த தனித்தனி மூலக்கூறுகள் இல்லை. ஒவ்வொரு சோடியத்தையும் ஆறு குளோரின்கள் சூழ்ந்து நிற்கின்றன என்று பிராக் அறிவித்தார். மூலக்கூறே இரசாயனத்தின் அடிப்படை என்று கற்றும் கற்பித்தும் வந்தவர்களுக்கு இது பேரதிர்ச்சியாயிற்று. ஹென்றி ஆம்ஸ்ட்ரோங் என்னும் முதுபெரும் இரசாயனவியலாளர் 1927இல், தமது எழுபத்தொன்பதாவது வயதில், 'நேச்சர்' இதழிலே உப்புக்காக இரக்கப்பட்டு எழுதினார். சதுரங்கப் பலகை போன்ற அவ்வமைப்பு அவருக்குப் பகுத்தறிவுக்கே ஒவ்வாததாகத் தோன்றியது. கல்விமான்கள் என்பதனால் மட்டும் மனிதர் பழமையின் பிடியிலிருந்து விடுபட்டுவிடுவதில்லை.

ஈராண்டுகளின் பின்னர், 1929இல், லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் கத்லீன் லொன்ஸ்டேல் என்னும் இளம்பெண் பென்சீன் குடும்பத்துச் சேர்வையொன்றின் பளிங்கை ஆராய்ந்தார். அவ்வளையம் தட்டையான அறுகோணம் என்று நிறுவினார். அரை நூற்றாண்டுக்கு மேலாக இரசாயனவியலாளர் விவாதித்துவந்த வினா அத்துடன் தீர்ந்தது. அயர்லாந்திலே எளிய குடும்பமொன்றின் பத்தாவது குழந்தையாகப் பிறந்தவர் அவர். இரண்டாம் உலகப் போரின்போது, மனச்சாட்சியின் காரணமாகச் சிவில் பாதுகாப்புச் சேவைக்குப் பதிவு செய்ய மறுத்தார். விதித்த தண்டப் பணத்தையும் செலுத்த மறுத்தார். 1943இல் ஒரு மாதம் ஹொலவே சிறையில் இருந்தார். ஈராண்டுகளின் பின் பிரித்தானிய றோயல் சங்கம் முதன்முதலாகப் பெண்களை அங்கத்தவராக ஏற்றபோது, தெரிவு செய்யப்பட்ட இருவருள் அவரும் ஒருவர்.

பளிங்காய்வுத் துறையிற் பெண்கள் இவ்வாறு முன்னணிக்கு வந்ததன் காரணத்தைத் தனிப்பட்டவரின் திறமையில் மாத்திரம் தேடுதல் பொருந்தாது. துறை புதியது, பழம் பெரியவர்களின் ஆதிக்கம் இன்னும் வேரூன்றாதது. மூத்த பிராக்கும், அவரிடம் பயின்ற ஜே. டி. பேர்னலும் தமது ஆய்வுகூடங்களிற் பெண்களை வரவேற்றனர். வாயில் திறந்திருந்த இடத்திலே நுழைந்தார்கள் என்பதே உண்மை.

பேர்னல் கம்யூனிஸ்டு, 1939இல் வெளிவந்த 'விஞ்ஞானத்தின் சமுதாயப் பணி' என்ற நூலின் ஆசிரியர். 1934இல் கேம்பிறிட்ஜில் அவர் கண்ட உண்மை ஒன்று உயிரியலின் போக்கையே மாற்றியது. பெப்சின் என்னும் புரதத்தின் பளிங்குகள் சுவீடனிலிருந்து அவரிடம் வந்து சேர்ந்தன. உலர்ந்த பளிங்கு ஒழுங்கான கோலத்தைத் தரவில்லை. அது வளர்ந்த திரவத்தோடேயே நுண்ணிய கண்ணாடிக் குழாயில் அடைத்துக் கதிரைச் செலுத்தியபோது தெளிவான புள்ளிகள் தோன்றின. உயிர்ப்பொருளும் அணு அணுவாக அறியத்தக்கதே என்பதற்கு அதுவே முதற் சான்று. அக்கட்டுரையிற் பேர்னலோடு பெயர் பொறித்தவர் இருபத்துநான்கு வயதான டொரதி குரோபூட். பின்னர் டொரதி ஹொட்ஜ்கின் என உலகறிந்தவர் இவரே.

பேர்னலைப் போற்றும் நாம் அவரது தவறையும் மறைத்தல் ஆகாது. சோவியத் நாட்டில் லைசென்கோவின் போலி உயிரியல் அரச கொள்கையானபோது பேர்னல் அதற்குச் சார்பாகப் பேசினார். வவிலோவ் என்ற பெரும் தாவரவியலாளர் 1943இல் சிறையிலே மடிந்திருந்தார். சான்றுக்கு முன்னே எவரும் பணிய வேண்டும் என்று கற்பித்தவர், சான்றைக் கட்சிக்குப் பின்னே நிறுத்திய தருணம் அது. முற்போக்காளர் மறக்கக்கூடாத பாடம் இது.

1934இல் ஒக்ஸ்போட்டுக்குத் திரும்பிய ஹொட்ஜ்கினுக்குக் கிடைத்த ஆய்வுகூடம் பல்கலைக்கழக நூதனசாலையின் கீழ்த்தளத்து அறையாகும். நல்ல வெளிச்சம் தரும் சன்னல் உயரத்தில் இருந்தது. அதனடியிலிருந்த மேடையிலே நுணுக்குக்காட்டி வைக்கப்பட்டிருந்தது. ஒரு கையிற் பளிங்கைப் பிடித்தபடி மறு கையால் ஏணியைப் பற்றி ஏறவேண்டும். கதிர்க்கருவி வாங்கப் பணமில்லை. பேராசிரியர் றொபேட் றொபின்சனின் முயற்சியால் ஐ.சி.ஐ. என்னும் இரசாயனக் கம்பனி 600 பவுண் வழங்கியது. அறிவை நாடும் பல்கலைக்கழகம் கருவிக்காக வணிகத்தின் வாசலில் நிற்க நேர்ந்தது. அங்கு நடைபெற்ற இரசாயனக் கழகத்தின் ஆய்வுக் கூட்டங்களுக்குப் பெண்கள் அனுமதிக்கப்படவில்லை. இருபத்தெட்டாவது வயதிலே மூட்டுவாத நோய் அவருடைய கைகளைப் பற்றியது. விரல்கள் நிரந்தரமாகக் கோணிப்போயின. அவ்விரல்களாலேயே உப்புக்கல்லினும் சிறிய பளிங்குகளை எடுத்துப் பொருத்தினார்.

போர்க்காலத்திற் பெனிசிலின் என்ற பெயர் எங்கும் பரவியது. 1941 பெப்ரவரியில் ஒக்ஸ்போட்டிலே சிகிச்சை பெற்ற முதல் நோயாளி ஒரு பொலிஸ்காரர். அவருடைய சிறுநீரிலிருந்துகூட மருந்தை மீட்டெடுத்துச் செலுத்தினர். இருந்த மருந்தெல்லாம் தீர்ந்தது, தேறிவந்தவர் இறந்தார். மருந்தின் அமைப்புத் தெரிந்தால் அதனைச் செயற்கையாக ஆக்கலாம் என்ற நம்பிக்கை அவ்வேளையில் எழுந்தது இயல்பே. ஆனால் அமைப்பைப் பற்றி இரசாயனவியலாளர் இரு முகாம்களாகப் பிரிந்து நின்றனர். நான்கு அணுக்களாலான இறுக்கமான வளையமொன்று உண்டு என்றது ஒரு முகாம். அத்தகைய வளையம் நிலைக்காது என்றது றொபின்சனைத் தலைவராகக் கொண்ட மறு முகாம். அவ்வளையம் உண்மையானால் இரசாயனத்தை விட்டுக் காளான் வளர்க்கப் போவேன் என்று ஜோன் கோன்போத் என்ற இளைஞர் சொன்னதாகக் கூறுவர்.

ஹொட்ஜ்கினும் அவருடைய மாணவி பார்பரா லோவும் பெனிசிலினின் பொற்றாசியம், றூபிடியம் உப்புகளின் பளிங்குகளை ஆராய்ந்தனர். ஐ.சி.ஐ. கம்பனியின் நோத்விச் ஆய்வுகூடத்தில் சார்ல்ஸ் பன், ஆன் ரேணர்-ஜோன்ஸ் ஆகியோர் சோடிய உப்பை ஆராய்ந்தனர். பாரமான அணுவின் இடத்தை முதலில் அறிந்து, அதனைப் பற்றுக்கோடாகக் கொண்டு ஏனைய அணுக்களைத் தேடுவது ஒக்ஸ்போட்டில் அவர்கள் கையாண்ட உத்தி. 1945இல் விடை கிடைத்தது. பீற்றா-லக்டம் என்னும் அந்நான்கணு வளையம் உண்மையாகவே இருந்தது. (கோன்போத் காளான் வளர்க்கப் போகவில்லை, 1975இல் இரசாயன நொபெல் பரிசு பெற்றார்.) போர்க்கால இரகசியம் காரணமாக முழு விபரமும் நூலாக வெளிவந்தது 1949இலேயே. பின்னர் தோன்றிய புதிய பெனிசிலின் வகைகளுக்கெல்லாம் அவ்வளையம் பற்றிய அறிவு அடிப்படையாயிற்று.

இவ்விடைகளுக்குப் பின்னே மறைந்து கிடக்கும் மற்றோர் உழைப்பு கணக்கிடுதல் ஆகும். 1936 முதல் பீவேஸ், லிப்சன் என்போர் உருவாக்கிய கடதாசி அட்டைக் கீற்றுகள் உலகின் பளிங்காய்வு கூடங்களிலெல்லாம் பயன்பட்டன. ஆயிரக்கணக்கான கீற்றுகளில் எண்கள் அச்சிடப்பட்டிருக்கும். வேண்டியவற்றைப் பெட்டியிலிருந்து பொறுக்கி அடுக்கிக் கூட்டவேண்டும்; மீண்டும் பெட்டியில் உரிய இடத்தில் வைக்கவேண்டும். ஓர் அமைப்புக்கு மாதக்கணக்கில் இது நடக்கும். பெனிசிலினுக்குத் துளையிட்ட அட்டைகளை எண்ணும் இயந்திரங்கள் ஓரளவு கைகொடுத்தன.

1948இல் தனியாகப் பிரிக்கப்பட்ட விற்றமின் பி12 இன்னும் கடினமானது. உயிர்கொல்லும் இரத்தசோகையைத் தீர்க்கும் அம்மருந்தின் மூலக்கூறில், ஐதரசனை விடுத்து எண்ணினாலும் 93 அணுக்கள் உள. கலிபோர்ணியாவில் கெனத் ட்ரூபிளட் என்பவர் தம் பல்கலைக்கழகத்திலிருந்த கணினியில் அதற்கான கணக்கைச் செய்துதர முன்வந்தார். ஒக்ஸ்போட்டின் எண்கள் அத்திலாந்திக் கடலைக் கடந்து சென்றன. விடைகள் திரும்பி வந்தன. அதே 1953ஆம் ஆண்டில், சமாதான இயக்கத் தொடர்புகளையும் கணவரின் பழைய கம்யூனிஸ்டுத் தொடர்பையும் காரணமாகக் கொண்டு ஹொட்ஜ்கினுக்கு ஐக்கிய அமெரிக்கா நுழைவு அனுமதி மறுத்தது. எண்களுக்குத் திறந்த எல்லை அவ்வெண்களைப் பெற்ற பெண்ணுக்குத் திறக்கவில்லை. எனினும் 1956 அளவில் அமைப்பு முழுமையாகத் தெளிந்தது. 1964இல் இரசாயன நொபெல் பரிசு அவருக்குக் கிடைத்தபோது பிரித்தானியப் பத்திரிகை ஒன்று அவரை ஓர் இல்லத்தரசி என்றே தலைப்பில் அறிமுகம் செய்தது.

ஆய்வுகூடம் எவரையும் தானாக முற்போக்காளர் ஆக்கிவிடுவதில்லை என்பதையும் குறித்தல் வேண்டும். 1940களில் ஹொட்ஜ்கினிடம் பளிங்காய்வு பயின்ற இரசாயன மாணவியருள் ஒருவர் மார்கரெட் றொபேட்ஸ். பிற்காலத்தில் பிரதமர் தட்சராகித் தொழிற்சங்கங்களோடு மோதியவர் அவரே.

ஹொட்ஜ்கின் இன்சுலினின் முதற் படத்தை எடுத்தது 1935இல். அமைப்பைக் கண்டது 1969இல். முப்பத்துநான்கு ஆண்டுகள்! அவ்வாண்டு 'நேச்சர்' இதழில் வெளிவந்த கட்டுரையிற் பத்துப் பெயர்கள் உள்ளன. உலகப் புகழ்பெற்ற ஹொட்ஜ்கினின் பெயர் அவற்றுள் எட்டாவது. வேலையின் பெரும் பாரத்தைச் சுமந்த இளையவர்கள் ஐவர் முன்னே நிற்கின்றனர். அவர்களுள் ஒருவர் இந்தியாவிலிருந்து சென்ற விஜயன். ஏனையோர் ஆங்கில அகரவரிசையில் வருகின்றனர். மியூனிச்சில் தொடங்கிய வழமைக்கு இது தக்க மறுமொழி.

அதே காலத்தில், கலாசாரப் புரட்சியின் குழப்பங்களுக்கு நடுவே, சீன விஞ்ஞானிகளும் இன்சுலினின் அமைப்பைத் தனித்து ஆராய்ந்துகொண்டிருந்தனர். அவர்களுட் சிலர் முன்னர் ஒக்ஸ்போட்டிற் பயின்றவர்கள். மேலுலகம் அவர்களை அறியவில்லை. ஹொட்ஜ்கின் 1972இல் சீனாவுக்குச் சென்று அவர்களது வேலையைக் கண்டார். அவ்வாண்டே ஜப்பானின் கியோட்டோ நகரிற் கூடிய அனைத்துலகப் பளிங்காய்வு மாநாட்டில் அதன் சிறப்பை எடுத்துரைத்தார். சீனக் கட்டுரைகள் 'பீகிங் குழு' என்ற பொதுப்பெயரிலேயே வந்தன. பெயர்களை அரசியல் அச்சம் அழிப்பது வேறு. மூத்தவர் தாமாகப் பின்வரிசைக்குச் செல்வது வேறு. முன்னதைக் கூட்டுழைப்பு என்று நாம் மயங்குதல் கூடாது.

கருவிகள் குறைந்த நாடுகளின் பங்குக்குத் தமிழகமும் சான்று தருகின்றது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1952இல் பௌதிகப் பேராசிரியரான ஜீ. என். இராமச்சந்திரன், அங்கு வந்த பேர்னலுடன் உரையாடியபோது கொலாஜன் என்னும் புரதத்தின் அமைப்புத் தெளிவுபடாமல் இருப்பதை அறிந்தார். எலும்பிலும் தோலிலும் உள்ள புரதம் அது. அயலிலிருந்த மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்திற் கங்காருவின் வால் தசைநாண் கிடைத்தது. அதனைக் கொண்டு அவரும் கோபிநாத் கர்த்தாவும் 1954இல் மூவிழைச் சுருள் அமைப்பை முன்மொழிந்தனர். பின்னர் திருத்தங்கள் பெற்றபோதும் அதன் அடிப்படை நிலைத்துள்ளது. 1963இல் இராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் இராமச்சந்திரன் வெளியிட்ட வரைபடத்தை உலகின் புரத ஆய்வாளர் இன்றும் பயன்படுத்துகின்றனர்.

இன்று நிலைமை வேறு. சிறிய மூலக்கூறொன்றின் அமைப்பைத் தானியங்கிக் கருவி சில மணித்தியாலங்களிலே தந்துவிடும். ஆயினும் அக்கருவி வறிய நாடுகளின் பல பல்கலைக்கழகங்களுக்கு எட்டாக்கனியே. 1971இல் ஏழு அமைப்புகளுடன் தொடங்கிய புரதத் தரவு வங்கியில் இப்போது இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டவை உள்ளன. அவற்றுட் பெரும்பாலானவை எக்ஸ்-கதிராற் பெறப்பட்டவை. எவரும் கட்டணமின்றிப் பெறலாம். பொதுப்பணத்தாலும் பல்லாயிரம் மாணவரின் உழைப்பாலும் நிறைந்த களஞ்சியம் அது. அதிற் பயின்றே 'அல்பாபோல்ட்' என்னும் கணினி நிரல் புரதங்களின் வடிவை முன்கூட்டிச் சொல்லக் கற்றது. அதனை உருவாக்கியதற்காகக் கூகிள் கம்பனிக்குச் சொந்தமான நிறுவனத்தின் இருவருக்கு 2024ஆம் ஆண்டின் இரசாயன நொபெல் பரிசில் அரைப்பங்கு கிடைத்தது. அவர்களது திறமையை யாரும் மறுப்பதற்கில்லை. முன்னைய நிரலையும் அதன் விடைகளையும் அவர்கள் பொதுவில் வைத்ததும் உண்மை. ஆனால் 2024 மே மாதத்தில் அடுத்த பதிப்பு அறிவிக்கப்பட்டபோது நிரல் வெளியிடப்படவில்லை. ஆய்வாளர் எதிர்ப்புத் தெரிவித்தனர். ஆறு மாதங்களின் பின்னர், கல்விசார் பயன்பாட்டுக்கு மட்டும் என்ற வரையறையோடு அது வெளிவந்தது. ஊர் கூடி வெட்டிய குளத்துக்குக் கம்பனி பூட்டுப் போடலாமா என்ற கேள்வியை நம் தலைமுறை எதிர்கொள்ள வேண்டியுள்ளது.

இரசாயன ஆசிரியர் மீண்டு வந்துவிட்டார். அவ்வகுப்புக்கு நான் இனிப் போகவேண்டியதில்லை. எனினும் அம்மாணவியை நூலகத்தில் ஒருநாள் கண்டபோது என் விடையைச் சொன்னேன். தனியொருவர் பார்க்கவில்லை, தங்கச்சி. மியூனிச்சிற் படத்தகட்டைக் கழுவிய இரு இளைஞரும், சிறைக்கும் அஞ்சாத அயர்லாந்துப் பெண்ணும், கோணிய விரல்களோடு ஏணியேறிய ஆசிரியையும், அட்டைக் கீற்றுகளைப் பொறுக்கி அடுக்கியவர்களும், சென்னையில் கங்காருத் தசைநாணைத் தேடிப்பிடித்தவர்களும் சேர்ந்தே பார்த்தார்கள் என்றேன். சிறிது நேரம் யோசித்துவிட்டு, "அப்ப ஏன் சேர் புத்தகத்தில அவையின்ர பேர் இல்லை?" என்று கேட்டாள். அக்கேள்விக்கு விடை சொல்ல வேண்டியவர்கள் ஆசிரியர்களாகிய நாமே.